திருவருகைக்காலமும் காத்திருத்தலின் கலையும்: பாடல், ஓவியம், கவிதைவழி ஆன்மிகப் புத்துயிர்ப்பு (இங்கிலாந்து, 1851–1862)

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ வழிபாட்டு ஆண்டின் தொடக்கமாக அமையும் திருவருகைக்காலம் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஆயத்தக் காலம் மட்டுமன்று. காத்திருத்தலை ஆன்மிகப் பயிற்சியாகக் கொண்ட காலமும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய மூன்று படைப்புகள் இப்பயிற்சிக்கு மூன்று கலைவடிவங்களைத் தந்தன. ஜான் மேசன் நீல் இலத்தீனிலிருந்து மொழிபெயர்த்த இம்மானுவேல் பாடல், வில்லியம் ஹோல்மன் ஹன்ட் தீட்டிய 'உலகின் ஒளி' என்னும் ஓவியம், கிறிஸ்டினா ரோசெட்டி இயற்றிய 'திருவருகை' என்னும் கவிதை ஆகியவை அவை. மூன்றிலும் வருகை நிறைவெய்தவில்லை. மூன்றிலும் கதவு ஒன்று மையப் பொருளாக நிற்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்னும் வினாவை முன்வைத்து இம்மூன்றையும் ஒப்பிட்டு, நிறைவேறாமையே புத்துயிர்ப்பின் வழியாக அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருவருகைக்காலம், காத்திருத்தல், இம்மானுவேல் பாடல், ஹோல்மன் ஹன்ட், கிறிஸ்டினா ரோசெட்டி, சமயமும் கலையும்.

முன்னுரை

சமயமும் கலையும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை. விழாக்காலங்களில் இச்சார்பு வெளிப்படையாகத் தெரியும். பிறப்பு, வெற்றி, மணம் போன்ற நிகழ்வுகளைக் கொண்டாடும் கலைகள் எல்லாச் சமயங்களிலும் மிகுதி. ஆனால் இன்னும் நிகழாத ஒன்றுக்காகக் காத்திருப்பதைப் பாடுபொருளாகக் கொண்ட சமயக் கலை அரிதாகவே காணப்படுகிறது. காட்டுவதற்கு நிகழ்வு ஏதுமின்றி, நிகழ்வு இல்லாமையையே கலையாக்க வேண்டிய இடர்ப்பாடு அதில் உண்டு. திருவருகைக்காலக் கலை இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அதன்வழி நம்புவோர் உள்ளத்தில் எத்தகைய புதுப்பித்தலை நாடியது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவருகைக்காலம்: பொருளும் கால அமைப்பும்

'வருகை' எனப் பொருள்படும் 'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இக்காலத்தின் பெயர் பிறந்தது. மேலைத் திருச்சபை மரபில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு இக்காலத்தின் முதல் நாளாகும். அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள நாள்களுள் ஒன்றில் அமையும். எனவே இக்காலம் குறைந்த அளவு 22 நாள்களும் மிகுந்த அளவு 28 நாள்களும் கொண்டது. ஊதா நிறத் திருவுடை தவத்தையும் எதிர்நோக்கையும் ஒருங்கே குறிக்கிறது.

'வருகை' என்னும் சொல் ஒருபொருட் சொல் அன்று. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிளேர்வோ பெர்னார்து தம் திருவருகைக்கால மறையுரைகளில் மூன்று வருகைகளைப் பிரித்துக் காட்டினார். பெத்லகேமில் நிகழ்ந்த வருகை இறந்த காலத்திற்கு உரியது. உலகின் முடிவில் நிகழவிருப்பது எதிர்காலத்திற்கு உரியது. இவ்விரண்டிற்கும் இடையே மனிதரின் உள்ளத்தில் மறைவாக நிகழ்வது நிகழ்காலத்திற்கு உரியது. ஆன்மிகப் புத்துயிர்ப்பு என்பது இந்த நடு வருகையோடு தொடர்புடையது. முன்னைய வருகையை நினைவில் கொண்டும் இறுதி வருகையை நோக்கியும் நிற்கும் மனம் இடையில் திறந்திருக்க வேண்டும் என்பதே இக்காலத்தின் உட்கிடை.

19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இத்திறந்திருத்தலுக்கு நெருக்கடி நேர்ந்தது. 1843இல் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சாயிற்று. அதே ஆண்டில் சார்லஸ் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதையும் வெளிவந்தது. குடும்ப விழாவாகவும் வணிகப் பருவமாகவும் கிறிஸ்துமஸ் வளர வளர, அதற்கு முன்னுள்ள காத்திருத்தல் விழாவின் முன்பகுதியாகக் கரையும் நிலை தோன்றியது. மறுபுறம், 1833இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் வழிபாட்டு ஆண்டின் பழைய ஒழுங்குகளை ஆங்கிலத் திருச்சபைக்குள் மீட்டெடுத்தது. இவ்விரு போக்குகளும் ஒருசேர நிலவிய சூழலில்தான் ஆய்வுக்குரிய மூன்று படைப்புகளும் எழுந்தன.

பாடல்: வரவழைக்கும் குரல்

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை வழிபாட்டில் மரியாளின் பாடலோடு இணைத்துப் பாடப்படும் ஏழு முன்மொழிகள் மேலைத் திருச்சபையில் உண்டு. எட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த இவை ஒவ்வொன்றும் வரவிருப்பவரைப் பழைய ஏற்பாட்டுப் பெயர் ஒன்றால் விளிக்கின்றன. ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதயம், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என்பன அப்பெயர்கள். விளித்தலில் தொடங்கி 'வாரும்' என்னும் வேண்டலில் முடிவது ஒவ்வொன்றின் அமைப்பு. இப்பெயர்களின் இலத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கோத்தால் 'நாளை இருப்பேன்' எனப் பொருள்படும் தொடர் கிடைக்கிறது. ஏழு நாள் வேண்டலுக்கான விடை வேண்டலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. அவ்விடையும் 'இன்று' என்னாமல் 'நாளை' என்கிறது.

இவற்றுள் ஐந்தின் யாப்பு வடிவம் 1710இல் கொலோன் நகரில் அச்சான இலத்தீன் பாடல் தொகுப்பில் இடம்பெற்றது. அவ்வடிவத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜான் மேசன் நீல் (1818–1866). சசெக்ஸ் பகுதியின் கிழக்கு கிரின்ஸ்டெட் நகரில் முதியோருக்கான அறநிலையம் ஒன்றின் பொறுப்பாளராக 1846 முதல் தம் இறப்புவரை அவர் பணியாற்றினார். பழைய வழிபாட்டு மரபுகளின்மீது அவர் கொண்டிருந்த பற்றினால், 1847இல் மறைமாவட்ட ஆயர் அவருடைய குருத்துவப் பணிக்குத் தடை விதித்தார். அத்தடை ஏறத்தாழ 16 ஆண்டுகள் நீடித்தது. 1851இல் வெளியான அவருடைய 'இடைக்காலப் பாடல்கள்' தொகுப்பில் இம்மானுவேல் பாடல் இடம்பெற்றது. பின்னர் 1861இல் வெளியான 'பண்டைய, தற்காலப் பாடல்கள்' என்னும் பாடல் நூலில் முதலடி மாற்றப்பெற்றுப் பரவலாயிற்று.

பாடலின் இசை வரலாறு தனிக் கவனத்திற்குரியது. 1854இல் தாமஸ் ஹெல்மோர் இப்பாடலுக்கு இன்று வழங்கும் இசையை இணைத்தார். லிஸ்பன் நூலகத்திலுள்ள பிரெஞ்சு வழிபாட்டு நூல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே அதனோடு தரப்பட்டிருந்தது. மூலம் கிடைக்காமையால் அவ்விசை 19ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டதோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. 1966இல் துறவியும் இசையியல் அறிஞருமான மேரி பெரி, பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுப் பவனி நூல் ஒன்றில் அவ்விசையைக் கண்டறிந்தார். அங்கு அது திருவருகைக்காலப் பாடலுக்கு உரியதாக இல்லை. இறந்தோரை அடக்கத்திற்குக் கொண்டுசெல்லும்போது பாடப்படும் பாடலின் பகுதியாக இருந்தது.

இக்கண்டுபிடிப்பு பாடலின் பொருளை ஆழப்படுத்துகிறது. பாடலின் ஒவ்வொரு கண்ணியும் நாடுகடத்தப்பட்ட மக்களின் நிலையிலிருந்து எழுகிறது. பல்லவியோ மகிழ்ந்திருக்கக் கட்டளையிடுகிறது. ஆயினும் பல்லவி வரும்போது இசை துள்ளும் தன்மைக்கு மாறுவதில்லை. துயரம் தோய்ந்த அதே சுர அமைப்பிலேயே தொடர்கிறது. சுரங்களின் அளவில் மட்டும் நோக்கினால் இது நடபைரவி மேளத்தின் சுரங்களோடு ஒத்திருப்பதைத் தமிழிசை அறிந்தோர் உணரலாம். மகிழ்ச்சிக்கான காரணத்தைக் கூறும் வினைச்சொல்லும் இலத்தீன் மூலத்தில் எதிர்காலத்திலேயே உள்ளது. ஆகவே பாடுவோர் மகிழ்வது வந்தவரைக் கண்டு அன்று, வருவார் என்னும் வாக்கை நம்பியே. அடக்கச் சடங்கின் இசை இந்நம்பிக்கைக்கு ஊர்தியாக அமைந்தது தற்செயலே எனினும் பொருத்தமானது.

இப்பாடலில் கதவு 'தாவீதின் திறவுகோல்' என்னும் பெயர்வழி நுழைகிறது. முன்மொழியில் அத்திறவுகோல் சிறையில் இருப்போரை வெளிக்கொணர்கிறது. பாடலில் வானக வாயிலைத் திறந்து கீழுலகின் வழியை அடைக்கிறது. இங்குக் காத்திருப்பவர் மனிதர். கதவு அடைபட்டுள்ளது, திறவுகோல் வருபவரின் கையில் உள்ளது.

ஓவியம்: வெளியே நிற்பவர்

ஹோல்மன் ஹன்ட் (1827–1910) 1851 முதல் 1853 வரை தீட்டிய 'உலகின் ஒளி' இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. இது திருவருகைக்காலத்திற்கெனத் தீட்டப்பட்டதன்று. எனினும் பெர்னார்து கூறும் நடு வருகையை இதைப்போல் நேரடியாகக் காட்சிப்படுத்திய ஓவியங்கள் சிலவே. கதவருகே நின்று தட்டும் கிறிஸ்துவைக் கூறும் திருவெளிப்பாட்டு நூலின் 3ஆம் அதிகாரம் 20ஆம் வசனம் இதன் அடிப்படை.

நிலவொளி படர்ந்த பழத்தோட்டம் ஒன்றில் முள்முடி சூடிய கிறிஸ்து விளக்கேந்தி நிற்கிறார். அவருக்கு முன் நெடுநாள் திறக்கப்படாத கதவு. அதன்மீது கொடி படர்ந்திருக்கிறது. அடியில் களைகள் மண்டியுள்ளன. இரும்புப் பகுதிகள் துருவேறியுள்ளன. கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. அதை உள்ளிருப்பவரே திறக்க இயலும் என்பது இதன் குறிப்பு. இரவொளியை உள்ளவாறு காட்டவேண்டி ஹன்ட் சர்ரே பகுதியின் பண்ணைத் தோட்டம் ஒன்றில் நிலவு நாள்களில் குளிரில் அமர்ந்து தீட்டினார்.

1854இல் அரசுக் கலைக்கழகக் கண்காட்சியில் இடம்பெற்றபோது ஓவியம் கடுமையான எதிர்விமரிசனத்தைப் பெற்றது. கலை விமரிசகர் ஜான் ரஸ்கின் மே மாதத்தில் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய மடலில் அதற்கு விளக்கம் தந்தார். அவர் இரு ஒளிகளைப் பிரித்துக் காட்டினார். கையிலுள்ள விளக்கின் செவ்வொளி மனச்சான்றின் ஒளி. அது அடைத்த கதவையும் களைகளையும் வீழ்ந்த கனியையும் மட்டுமே காட்டுகிறது. தலையைச் சூழ்ந்த ஒளி மீட்பின் நம்பிக்கை. முன்னது குற்றத்தை உணர்த்துகிறது. பின்னது அமைதியைத் தருகிறது. ஓவியத்தின் அருகில் ஒருமணி நேரத்திற்கு மேல் நின்று கவனித்ததாகவும், நின்று பார்த்தவர்கள் சிலரே எனவும், அவர்களும் பெரும்பாலும் இகழ்ச்சியோடு கடந்தனர் எனவும் ரஸ்கின் அம்மடலில் பதிவு செய்துள்ளார். கேட்கப்படாத தட்டலைப் பற்றிய ஓவியம் காணப்படாமலே கடக்கப்பட்டது.

இந்நிலை பின்னர் மாறியது. ஓவியத்தை வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டு அச்சக மேலாளர் தாமஸ் கோம் மறைந்தபின், அவருடைய மனைவி அதனைக் கீபிள் கல்லூரிக்கு வழங்கினார். முதுமையில் ஹன்ட் உருவாக்கிய பெரிய வடிவம் 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் இடம்பெற்றது.

பாடலில் மனிதர் காத்திருந்தனர்; ஓவியத்தில் கிறிஸ்து காத்திருக்கிறார். பாடலில் திறவுகோல் வருபவரிடம் இருந்தது. ஓவியத்தில் திறக்கும் ஆற்றல் உள்ளிருப்பவரிடம் உள்ளது. ஓவியத்தைக் காண்பவர் கதவின் வெளிப்புறத்தையே காண்கிறார். உள்ளே இருப்பவர் யார் என்பது தீட்டப்படவில்லை. அவ்வெற்றிடத்தில் காண்பவர் தம்மை வைத்துப் பார்க்க நேர்கிறது. இதுவே இவ்வோவியம் நிகழ்த்தும் அகப்பயிற்சி.

கவிதை: இரவெல்லாம் விழித்திருப்போர்

கிறிஸ்டினா ரோசெட்டி (1830–1894) இவ்வோவியத்தோடு நேரடித் தொடர்புடையவர். கிறிஸ்துவின் முகபாவத்திற்காக ஹன்ட் அவரை மாதிரியாக அமர்த்தினார். ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் செல்வாக்குப் பெற்றிருந்த இலண்டன் ஆல்பனி வீதிக் கிறிஸ்து ஆலயத்தில் ரோசெட்டி வழிபட்டு வந்தார். திருவருகைக்காலம் அவர் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பப் பாடிய பொருளாகும். 1858இல் எழுதி, 1862இல் வெளியான முதல் வணிகப் பதிப்புத் தொகுப்பில் இடம்பெற்ற 'திருவருகை' என்னும் கவிதை அவ்வரிசையில் முதன்மையானது.

குளிர்ந்த நிலவும் நீண்ட இரவும் கவிதையின் தொடக்கம். ஆண்டுக்கணக்கில் எரியும் விளக்குகளோடு காத்திருப்போர், இரவு எவ்வளவு கழிந்தது எனக் காவலரை வினவுகின்றனர். எசாயா நூலின் 21ஆம் அதிகாரத்தில் வரும் வினா இது. விடியலுக்கான குறி எதுவும் இல்லை என்பதே காவலரின் விடை. வினா மீண்டும் எழுகிறது, விடை மாறவில்லை. நம்பிக்கையை மிகைப்படுத்தாத இந்நேர்மை கவிதையின் வலிமை எனலாம்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இடம்பெறும் பத்துக் கன்னியர் உவமையே கவிதையின் அடித்தளம். ஆனால் ரோசெட்டி அதில் செய்துள்ள மாற்றங்கள் குறிப்பிடத்தக்கவை. உவமையில் மணமகன் வரத் தாழ்த்தியபோது அறிவுள்ளவர்கள் உட்பட அனைவரும் உறங்கிவிடுகின்றனர். கவிதையில் அவர்கள் இரவு முழுதும் விழித்திருக்கின்றனர். உவமையில் அறிவுள்ள கன்னியர் தம் எண்ணெயைப் பகிர மறுக்கின்றனர். கவிதையிலோ ஒருவர் விளக்கிலிருந்து மற்றவர் நெருப்பேற்றிக்கொள்கின்றனர். எண்ணெய் பகிர்ந்தால் குறையும். நெருப்பு பகிர்ந்தால் குறையாது. தனிமனித ஆயத்தத்தை வலியுறுத்தும் உவமை, ரோசெட்டியிடம் ஒருவரையொருவர் தாங்கும் கூட்டுக் காத்திருப்பாக மாறுகிறது. முன்னரே இறந்துபோனவர்களும் இக்கூட்டத்தை நோக்கி ஊக்குவிப்பவர்களாகக் காட்டப்படுகின்றனர்.

கவிதையின் இறுதிப்பகுதியில் காத்திருத்தல் பற்றிக்கொள்ளுதலாக வலுப்பெறுகிறது. தொடக்கநூலில் ஆசி பெறும்வரை விடமாட்டேன் எனப் போராடிய யாக்கோபின் நிலையைக் காத்திருப்போர் ஏற்கின்றனர். தொடர்ந்து, இனிமைமிகு பாடலில் வரும் அத்திமரத் துளிர்ப்பும் புறாவின் குரலும் தலைவனின் அழைப்பும் இடம்பெறுகின்றன. ஆயினும் அவையனைத்தும் எதிர்கால வினைகளிலேயே அமைந்துள்ளன. பற்றியிருப்பது நிகழ்காலம், வேனில் எதிர்காலம். பனி உருகாமலே கவிதை முடிகிறது.

இவ்விடத்தில் தமிழ் ஆய்வாளர்க்கு முல்லைத்திணை நினைவுக்கு வருதல் இயல்பு. இருத்தலை உரிப்பொருளாகவும் காரையும் மாலையையும் பொழுதாகவும் கொண்ட முல்லை, பருவக்குறிகளைக் கொண்டே காத்திருப்பை அளக்கிறது. குறுந்தொகையின் 66ஆம் பாடலில் கொன்றை பூத்துவிட்டது, தலைவன் வரவில்லை. தோழி, பருவமல்லாத மழையைக் காரெனக் கருதிக் கொன்றை மயங்கிப் பூத்தது எனக் கூறித் தலைவியை ஆற்றுவிக்கிறாள். அங்குக் குறி தோன்றியும் ஆள் வரவில்லை. ஆகவே குறி மறுக்கப்படுகிறது. ரோசெட்டியிடம் குறியே தோன்றவில்லை. ஆயினும் வாக்கு மறுக்கப்படவில்லை. இரண்டிலும் காத்திருப்பைத் தாங்கிநிற்பது உடனிருப்பவரின் சொல்லே. இவ்வொப்புமை தாக்கத்தைச் சுட்டுவதன்று. காத்திருத்தலின் கவிதையியலை விளக்குவதற்கு மட்டுமே இங்குப் பயன்படுகிறது.

மூன்று கதவுகள்: ஒப்பீடு

கவிதையிலும் கதவு உண்டு. வாயிற்காவலர் வாசலில் விழித்திருக்கிறார். பணியாளர் உள்ளே விழித்திருக்கின்றனர். மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலிருந்து வந்த காட்சி இது. ஓவியத்தில் கதவுக்கு அப்பால் அமைதி மட்டுமே உள்ளது. கவிதையில் கதவுக்கு உட்புறம் விழிப்பால் நிறைந்துள்ளது. ஓவியத்தில் வெளியே காத்திருப்பவருக்கு முகபாவம் அளித்தவர், பின்னாளில் உள்ளே காத்திருப்பவர்களின் குரலை எழுதினார். ஓவியம் கவிதைக்குத் தூண்டுதலாக இருந்தது எனத் துணிதற்கில்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, கதவின் இருபுறமும் காத்திருத்தல் நிகழ்வது புலனாகிறது.

மூன்று படைப்புகளும் தரும் பயிற்சிகள் வேறுவேறு. பாடல் குரலைப் பயிற்றுகிறது. சபையினர் ஒன்றுகூடி இல்லாத ஒருவரைப் பெயர்சொல்லி அழைக்கின்றனர். ஓவியம் பார்வையைப் பயிற்றுகிறது. தம் உள்ளத்தின் மூடிய கதவை வெளியிலிருந்து காணச் செய்கிறது. கவிதை பொறுமையைப் பயிற்றுகிறது; ஒரே வினாவுக்கு ஒரே விடை மீண்டும் கிடைத்தபோதும் விளக்கை அணையாது காக்கக் கற்பிக்கிறது. மூன்றிற்கும் பொதுவாக அமைவது வருகையைக் காட்ட மறுக்கும் பண்பு. பாடலில் அவர் வரவில்லை, ஓவியத்தில் கதவு திறக்கவில்லை, கவிதையில் விடியவில்லை.

இம்மறுப்பே புத்துயிர்ப்புக்கு இடமளிக்கிறது. படைப்புக்குள் வருகை நிறைவுற்றிருந்தால் நுகர்வோர் சான்றாளராக மட்டும் நின்றிருப்பர். நிறைவுறாமையால் அடுத்த செயல் அவர்களிடம் விடப்படுகிறது. அழைத்த குரலுக்குத் தக வாழ்தலும், கதவைத் திறத்தலும், அடுத்தவர் விளக்கில் நெருப்பேற்றுதலும் கலைக்கு வெளியே, வாழ்வில் நிகழவேண்டியவை. விழாவை முன்கூட்டியே நுகரத் தொடங்கிய சமூகத்தில் இப்படைப்புகள் காத்திருத்தலுக்குரிய இடத்தைக் காத்தன எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. திருவருகைக்காலக் கலையின் மையப்பொருள் பிறப்பு அன்று. நிறைவுறாத வருகையே ஆகும்.

2. அடக்கப் பவனியின் இசை இம்மானுவேல் பாடலோடு இணைந்தமை, துயரத்தை விலக்காமல் அதனூடே நம்பிக்கையை ஒலிக்கும் இக்காலத்தின் இயல்புக்குப் பொருந்துகிறது.

3. ஹன்ட்டின் ஓவியம் காத்திருப்பவர் மனிதர் மட்டுமல்லர் என்பதை உணர்த்தி, புத்துயிர்ப்பின் பொறுப்பைக் காண்பவரிடம் ஒப்படைக்கிறது.

4. ரோசெட்டி பத்துக் கன்னியர் உவமையை மாற்றியமைத்து, தனிமனித ஆயத்தத்தைக் கூட்டுக் காத்திருப்பாக ஆக்கியுள்ளார்.

5. கதவு என்னும் பொதுப்படிமம் மூன்று படைப்புகளிலும் வெவ்வேறு நிலையில் அமைந்து, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்னும் வினாவை விடையின்றி நிறுத்துகிறது.

காத்திருத்தல் செயலற்ற நிலை எனக் கருதப்படுவது வழக்கம். இம்மூன்று படைப்புகளும் அதனை அழைத்தலாகவும் காணுதலாகவும் விழித்திருத்தலாகவும் காட்டுகின்றன. ஒரே காவலரிடம் ஒரே வினாவை மீண்டும் கேட்கும் துணிவில்தான் அவை கூறும் புத்துயிர்ப்பு தொடங்குகிறது.